சுனைக்குப் போன ஒம்போது பேரும் ஒரு கல்லும்

சிரிக்காமக் கேளு தாயி. காலுல முட்டி வரைக்கும் பூட்சு, தலையில தொப்பி, ரெண்டு கையிலயும் கம்பு, கழுத்துல விசிலு. அந்த ஆளுதான் மொத ஆளா உக்காந்தது! இந்தா கெடக்கு பாரு என் ரப்பர் செருப்பு. இதப் போட்டுக்கிட்டு நான் சுனை வரைக்கும் போயி, தண்ணியில கால வெச்சுட்டு, திரும்பியும் வந்தேன். வாரு கூட அறல.

யாரா? மாப்பிள்ளைப் பையனோட தாய்மாமன்தான். நம்ம பேத்தியக் கேட்டு வந்தாங்கள்ல, நம்ம யாங்கோன்லயே அந்தக் கோடி, க்யிம்யிண்டைங்காரங்க, ஆத்தங்கரையில வலை, கயிறெல்லாம் விக்கிற கடைக்காரங்க. பையன் இங்க போட்டாதாங்குலதான் வேலை, கப்பல் சாமான் எறக்குற ஆபீசுல. பாக்க நல்லாத்தான் இருப்பான், கொஞ்சம் ஒல்லி.

முறையா என்ன பண்ணுவாங்க? நல்ல நாளாப் பாத்து வீட்டுக்கு வருவாங்க, நம்ம கேசரி கிண்டுவோம், புள்ள காப்பி கொண்டாந்து குடுக்கும், பாத்துட்டுப் போவாங்க. இந்த மாமங்காரன் ஒத்தப் புடியா நின்னான். "இந்தக் காலத்துல யாருங்க பொம்மை மாதிரி உக்கார வெச்சுப் பாக்குறா? ரெண்டு குடும்பமும் ஒண்ணா ஒரு டிரிப்பு போவோம், புள்ளைங்க பேசிப் பழகட்டும். மேல அன்யாவுல ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அதுக்குள்ளாற நடந்தா ஒரு சுனை. நான் கூட்டிட்டுப் போறேன், அந்த வழியெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு"ன்னான். அன்யான்னா உனக்குத் தெரியுமே, பகான் பக்கம், மழைக்கு ஏங்கிக் கெடக்கிற ஊருங்க.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள இருந்த சேதி வேற. புள்ளைக்கு எளைப்பு இருக்குன்னு எவளோ ஒருத்தி கோயில்ல வெச்சுப் பையனோட ஆத்தா காதுல ஓதிட்டா. பேசிப் பழகவா கூப்பிடுறாங்க? நடக்க விட்டு மூச்சு வாங்குதான்னு பாக்கக் கூப்பிடுறாங்க! சந்தையில மாட்ட நாலு எட்டு ஓட்டிப் பாத்துத்தான் கயிறப் புடிப்பாங்களாம், எங்கப்பன் சொல்லுவாரு. மாட்டுக்கு அது சரி. படிச்ச புள்ளைக்குமா?

எளைப்பு இருக்கறது நெசந்தான், உங்கிட்ட என்ன மறைக்கிறது. சின்னதுல ரொம்ப இருந்துச்சு, ஆசுபத்திரியும் வீடுமா அலைஞ்சோம். இப்பத் தூசி பட்டா மட்டும் வரும். நீலக் கலர்ல ஒரு பம்ப்பு குடுத்திருக்காங்க, வாயில வெச்சு ரெண்டு தடவ இழுத்தா அடங்கிரும். எம் மவனுக்கு, அவளப் பெத்தவனுக்கு, மூஞ்சியே செத்துப்போச்சு. "வேணாம்மா, வேற எடம் பாப்போம். இப்ப இருக்குற நெலமையில எவன் அவ்வளவு தூரம் போவான்"ங்கறான். நெலமை நெலமைன்னு பொம்பளப் புள்ளைய எத்தன வருஷம் வீட்டுல வெச்சுக்கிறது?

மொட்டமாடியில துணி காயப் போடுறப்பப் பேத்தி வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. "அப்பாயி, எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு. ஆறு மாசமாப் போன்ல பேசுறோம். இத மட்டும் நான் அவர்கிட்டச் சொல்லல. அங்க எனக்கு மூச்சு வாங்கிருச்சுன்னா அவங்கம்மா அத்தோட முடிச்சுருவாங்க."

"ஆறு மாசம் என்னத்தத்தான் பேசுனீங்க? இதச் சொல்ல ஒரு நாள் கெடைக்கலையா?"ன்னேன்.

"பயம் அப்பாயி."

அதுக்கு மேல நான் என்ன கேக்குறது. பம்ப்ப வாங்கி என் சுருக்குப் பையில, வெத்தலைக்கு அடியில சொருகிக்கிட்டேன். நானும் வர்றேன்னுட்டேன். "மூட்டு வலிக்காரி நீ எங்க வர்றது?"ன்னு எம் மவன் கத்துறான். "மூட்டு என்னுது. நீ முன்னால நட"ன்னேன்.

இப்பத்தான் கூத்தே ஆரம்பம். எண்ணிப் பாரு. அவங்க பக்கம் பையன், ஆத்தா, அப்பன், மாமன், மாமன் பொண்டாட்டி. நம்ம பக்கம் எம் மவன், மருமவ, பேத்தி, நானு. ஒம்போது! இந்த நாட்டுல ஒம்போது பேராப் பயணம் போகக் கூடாதே. போன வருஷம் நீங்க தங்கப் பாறைக்குப் போறப்பவும் ஒம்போதாயிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரரு வாசல்ல கெடந்த கல்ல எடுத்து வண்டியில போட்டாரே, பத்தாவது ஆளுன்னு. அம்புட்டுத்தான் சேதி. பர்மாக்காரங்க ஒரு கல்ல எடுப்பாங்க, அண்ணேங்கிற மாதிரி கோன்னு சேத்து மரியாதையா ஒரு பேரு வெப்பாங்க, வண்டியில ஒரு மூலையில உருட்டி விட்டுருவாங்க. பயணம் முடிஞ்சா ரோட்டோரம் விட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க.

பையனோட ஆத்தா அப்பிடி விடுவாளா? ஆத்தங்கரையிலேருந்து தேங்கா பருமனுக்கு ஒரு உருண்டைக் கல்லாப் பொறுக்கிட்டு வந்தா. கழுவுனா. மஞ்சத் துணியில வெச்சா. "வெறுங்கல்லா எப்பிடிக் கூட்டிட்டுப் போறது"ன்னு விபூதியப் பட்டையாப் பூசி, நடுவுல குங்குமமும் வெச்சுட்டா! முடிஞ்சுதா கதை? கூட வர்ற ஆளு சாமியாயிட்டாரு. சாமியக் காலடியில போட முடியுமா? மடியில வெச்சுக்கணும். மடியில வெச்சிருக்கிறவங்க கருவாட்டுப் பொட்டலத்தத் தொடக் கூடாது. வழியில சோத்துக் கடையில நிறுத்துனா ஒருத்தர் வண்டியிலயே காவல். நாலு எடத்துல நிறுத்தி அடையாள அட்டை கேட்டாங்க. ஒரு எடத்துல அட்டைய வாங்கிப் பாத்த துப்பாக்கிக்காரப் பையன் துணி மூட்டையக் காட்டி "இது யாரு"ன்னான். மாமன் வெரப்பா "பத்தாவது ஆளு"ன்னான். "அப்ப இவரு அட்டை எங்க?"ன்னு அந்தப் பையன் சிரிச்சுட்டான். சிரிப்ப மறந்து போயி நிக்கிற பையனே சிரிச்சான்னா பாத்துக்க.

எம் மவன் மெதுவாத்தான் கேட்டான், "டிரைவரச் சேத்தாப் பத்து வருதேங்க, கல்லு எதுக்கு?" அந்தம்மாவுக்கு வந்துச்சே கோவம். "டிரைவரு வண்டியோட நின்னுருவாரு. நடக்குறது ஒம்போதுதானே?"

அன்னிக்கு ஒரு சத்திரத்துல படுத்துட்டு, மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முந்திக் கெளம்பணும்னு மாமன் உத்தரவு. கெளம்புறப்ப மணி பத்து. வேற யாரு, அவனேதான். அந்த பூட்சுக்குக் கயிறு கட்டி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு வெத்தலை போட்டு முடிச்சேன்.

எடம் எப்பிடி இருந்துச்சுன்னு கேளு. வறண்ட ஆத்து மணல்ல எறங்கி நடந்தா ரெண்டு பக்கமும் மண்ணுச் செவரு எழும்பிக்கிட்டே போகுது. மூணு மாடி, நாலு மாடி ஒசரம். நடுவுல நம்ம மாடிப்படி அகலத்துக்கு ஒரு சந்து. அண்ணாந்து பாத்தா வானம் ஒரு தாவணி அகலம். செவப்பு, மஞ்ச, வெள்ளைன்னு மண்ணு கோடு கோடா, எப்பவோ பேஞ்ச மழ அறுத்து அறுத்துத் தூணு மாதிரி நிறுத்தி வெச்சிருக்கு. கள்ளி, முள்ளு, மேல எட்டத்துல ஒத்தப் பன. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம் தாயி! அறுபத்தெட்டு வயசுக்கு நான் போன பெரிய பயணமே ஆத்துக்கு அக்கரை போற டாலா படகுதான். அங்கயும் சைக்கா ரிக்‌ஷாவுல ஏறி நாத்தனா வீட்டுக்குப் போயி அவ மூஞ்சியப் பாத்துட்டு வர்றது, அது ஒரு பயணமா? இங்க கையத் தட்டுனா செவரு திருப்பித் தட்டுது. நான் ரெண்டு மூணு தடவ தட்டுனேன். மருமவ மொறைச்சா.

சந்துக்குள்ள நொழையறப்பவே அந்தம்மா ஒரு சட்டம் போட்டா. "சாமியத் தூக்குறவங்க செருப்புப் போடக் கூடாது."

அம்புட்டுத்தான், எல்லாருக்கும் ஆளுக்கொரு நோவு. மாமன் போனத் தூக்கிக் காட்டி "நான் வழி பாக்கணும்"ன்னான். அப்பங்காரரு இடுப்பப் புடிச்சுக்கிட்டாரு. மாமன் பொண்டாட்டி தண்ணிப் பாட்டில் ரெண்டையும் கொழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அந்தம்மா கண்ணு சுத்தி வந்து எம் பேத்தி மேல நின்னுச்சு. "வயசுப் புள்ள நீதான். தூக்குறியா கண்ணு?"

பாத்தியா நெஞ்சழுத்தத்த? சும்மா நடந்தா மூச்சு வாங்காதுன்னு தலையில கல்லும் வெக்கிறா! எம் மருமவ வாயத் தொறந்தா. அதுக்குள்ள பேத்தி செருப்பக் கழட்டி என் கையில குடுத்துட்டுக் கல்ல வாங்கிருச்சு.

மாமன் முன்னால, விசில ஊதிக்கிட்டு. சந்து ரெண்டாப் பிரியிற எடத்துல போனத் தூக்கித் தூக்கிப் பாக்குறான், அதுல ஒண்ணும் வரல. "இடது பக்கம், எனக்கு நல்லாத் தெரியும்"ன்னான். போனோம். மண்ணுச் செவருல போயி முட்டுச்சு. திரும்பி வந்தோம். ஒரு மனுசன் அப்பவாச்சும் வாய மூட வேணாமா? "உங்களுக்கு இதையும் காட்டலாம்னுதான்"ங்கறான்.

இதுல அந்தம்மா எம் பேத்திக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வர்றா. டாக்டரு கொழாய் வெச்சுக் கேக்குற மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு. காத்து ஒரு சுழட்டு சுழட்டுச்சு, சந்து முழுக்கப் புழுதி. நான் பாத்துக்கிட்டே வர்றேன், புள்ளைக்குத் தோளு லேசா மேல ஏறுது. வாய மூடிக்கிட்டு மூக்கால இழுக்குது. எனக்குத் தெரியும், அடுத்தது சத்தம் வரும். வந்துச்சுன்னா போச்சு.

அப்ப அந்தப் பையன் திரும்பி வந்தான். குனிஞ்சு சப்பாத்தக் கழட்டிக் கயித்தால தோள்ல மாட்டிக்கிட்டான், கல்லுக்குக் கைய நீட்டுனான். "உனக்கு வெறுங்காலு பழக்கமில்லடா!"ன்னு ஆத்தாக்காரி அலறுறா. "யபாடே"ன்னுட்டு நடந்தான். பரவால்லன்னு பர்மாவுல சொல்றதுல ஒரு வசதி, அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க முடியாது. அந்த மணலு எப்பிடிச் சுடும்னு நெனைக்கிற? மத்தியானத்துல புத்தர் பயா தரையில நடக்குறோமே, அது இதுக்குக் குளுமை.

நான் சட்டுனு வயித்தப் புடிச்சுக்கிட்டேன். "எனக்கு ஒதுங்கணும். நீ தொணைக்கு வா"ன்னு பேத்தி கைய இழுத்துக்கிட்டு ஒரு வளைவுக்குப் பின்னால போயிட்டேன். கெழவி ஒதுங்கணும்னா எந்த மகராசி கூட வருவா? சுருக்குப் பையத் தொறந்து பம்ப்பக் குடுத்தேன். ரெண்டு தடவ இழுத்துச்சு. கண்ண மூடிக்கிட்டுச் செவருல சாஞ்சு நின்னுச்சு. மூச்சு மெள்ள எறங்குது. நான் நிமுந்து பாக்குறேன், வளைவு முனையில அந்தப் பையன் நிக்குறான், தோள்ல கல்லோட. கால்ல ஏறுன முள்ள எடுக்க ஒதுங்கி வந்திருக்கான்.

பாத்துட்டான். பம்ப்பையும் பாத்தான், புள்ள மூஞ்சியையும் பாத்தான். திரும்பி எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வழிய அடைச்சு நின்னான். அந்தப் பக்கமிருந்து ஆத்தாக்காரி "என்னடா இன்னும்?"னு கூப்பிடுறா. "பாட்டிக்கு நேரமாகும்மா. நீ போயிட்டே இரு!"ன்னு கத்துறான். எனக்குத்தான் வயிறு சரியில்லன்னு ஆயிருச்சு, ஆகட்டும்.

அந்த வளைவத் தாண்டுனதும் மாமன் விழுந்தான். விழல, உக்காந்தான், ஒரு வேலமரத்தடியில. பூட்சு கடிச்சுக் கால் ரெண்டும் பொத்துப் போச்சு. "அஞ்சு நிமிசம், பின்னாலயே வர்றேன்"ங்கறான். விசில மட்டும் விடல, ஊதிக்கிட்டே இருந்தான், எங்கள வழி நடத்துறானாம்! பொண்டாட்டி பாட்டிலோட பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

மிச்சப் பேரு போனோம். எதுக்க ஒரு ஊர்ப் பொம்பள வர்றா. தோள்ல காவடி மாதிரி ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் தகர டின்னு நெறையத் தண்ணி, முதுகுல ஒரு கொழந்தை. கன்னத்துல தனாக்கா சாந்து பூசிக்கிட்டு வேர்வையே இல்லாம வர்றா. எங்க தொப்பி, மூட்டையெல்லாம் பாத்துட்டு "குளிக்க வந்தீங்களா, துணி தொவைக்கவா?"ன்னு கேட்டா. சுனையப் பாக்கன்னு எம் மவன் சொன்னான். "பாக்கவா?"ன்னா. அவ ஒரு நாளைக்கு ரெண்டு நடை தண்ணி மோந்துட்டுப் போறாளாம். இதுக்குத்தான் அந்த ஆளு கம்பும் விசிலும்! அப்புறம் கல்லப் பாத்து, "இவரு ஏன் பொட்டு வெச்சிருக்காரு?"ன்னா. அந்தம்மா துணிய இழுத்துப் பொட்ட மறைச்சா.

சுனை பெருசா ஒண்ணும் இல்ல. பாறை இடுக்குலேருந்து ஒரு வெரல் கனத்துக்கு ஒழுகுது, கீழ ஒரு தொட்டி மாதிரி குழி, சுத்திப் பச்சைன்னா அப்பிடிப் பச்சை. தண்ணி சில்லுனு பல்லக் கூசுது. நான் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கிட்டேன். அம்புட்டு சந்தோசத்துல ஒரு வெத்தலை போடலாம்னு சுருக்குப் பையத் தொறந்து இழுத்தேன். பம்ப்பு வெளிய விழுந்து உருண்டுச்சு. எங்க போயி நின்னுச்சு? அந்தம்மா காலடியில.

"இது யாருது?"

"என்னுது"ன்னேன்.

"உங்களுக்கா எளைப்பு? வழி பூரா எனக்கு முன்னால கைதட்டிக்கிட்டு ஓடுனீங்களே பெரியம்மா!"

நான் வேற பொய் தேடுறதுக்குள்ள பேத்தி எந்திரிச்சு நின்னுருச்சு. "என்னுது அத்தை. தூசி பட்டா எனக்கு வரும். ரெண்டு தடவ இழுத்தா நின்னுரும். வழியில வந்துச்சு, இழுத்தேன். சொல்லாதது என் தப்புதான்."

அந்தம்மா மவன் பக்கம் திரும்புனா. அவன் கால்ல முள்ளப் புடுங்கிக்கிட்டிருக்கான், தண்ணியில ரத்தம். "கேட்டியாடா?"

"தெரியும்மா. அப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"அவங்க மூச்சு. அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்." அப்புறம் பேத்தியப் பாத்து, "எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்"ன்னான். அதுக்குத்தான் புள்ள அழுதுச்சு. ஆத்தாக்காரி சத்தத்துக்கெல்லாம் அழல.

அதுவரைக்கும் வாயே தொறக்காத அப்பங்காரரு, மூஞ்சி கழுவிக்கிட்டே சொல்றாரு, "உனக்கு ஒரு காது கேக்காதுங்கறத உங்கப்பன் எப்பச் சொன்னாரு? தாலி கட்டி மூணாம் மாசம். நான் என்ன திருப்பியா அனுப்புனேன்?"

எப்பிடி! ஒத்தக் காத வெச்சுக்கிட்டுத்தான் அம்புட்டு தூரம் எம் பேத்தி மூச்ச ஒட்டுக் கேட்டுக்கிட்டு வந்திருக்கா! எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, வெத்தலைய வாயில அடைச்சுக்கிட்டேன். அந்தம்மா மூஞ்சி அந்த மண்ணுச் செவரு மாதிரி கோடு கோடாப் போச்சு. "வீட்டுல போயிப் பேசிக்கலாம்"ன்னா, அவ்வளவுதான்.

வர்ற வழியிலயும் அதே கூத்து. கல்லையும் விட்டுட்டு வர முடியல, சாமியாச்சே. அந்தம்மாவே மடியில வெச்சுக்கிட்டு யாங்கோன் வரைக்கும் வந்தா. நல்லா வேணும். தொடை மரத்துப் போயி எறங்குறப்ப ரெண்டு பேரு புடிக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் பதினோரு நாளு. சேதி இல்ல. பையன் போன்ல பேசுறான், "அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல"ங்கறான். பேத்தி சோத்தப் பெசைஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிரும். எம் மவன் என்னையத்தான் ஏசுறான், வெத்தலைக்குப் பொறந்தவளேன்னு. ஏசட்டும். வெத்தலை அந்தப் பம்ப்ப வெளிய தள்ளலேன்னா அந்தப் புள்ள பொய்யிலயே வாழப் போயிருக்கும்.

முந்தாநாளு பாரு, அந்தம்மா தனியா வந்து நிக்குறா. நாலு மாடி ஏறி வந்து, அவளுக்குத்தான் இப்ப மூச்சு வாங்குது! தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு, "புள்ளையக் கூப்பிடுங்க"ன்னா. அது வந்து நின்னுச்சு. "அந்தக் கருவிய எடுத்துட்டு வா. எப்பிடி வெக்கணும், எத்தன தடவ, எனக்குச் செஞ்சு காட்டு"ன்னா. அதையும் ஒரு அதிகாரமாத்தான் கேட்டா, கெஞ்சிக் கேக்குற வாயா அது? பேத்தி காட்டுச்சு. இவ கேக்குற காதத் திருப்பி வெச்சுக்கிட்டு கவனமாக் கேட்டா. அப்புறம் "கடையில கயிறுத் தூசி ஜாஸ்தி. கீழ் வீடு உனக்கு ஆகாது. மேல ரூம ஒழிச்சுக் கழுவி விட்டாச்சு"ன்னுட்டு எந்திரிச்சுட்டா. வாசல் வரைக்கும் போயித் திரும்பி, "இன்னிக்கு மூணாம் நாளு நல்லா இருக்கு, நாலு மணிக்குப் பூ வெக்க வர்றோம்"ன்னா. சரியான்னு எங்களக் கேக்கவே இல்ல, பாத்துக்க! பேத்தி பின்னால நின்னு தலைய ஆட்டுது, கழுத்து சுளுக்கிக்கிற மாதிரி. ஆட்டட்டும், ஆட்டட்டும். எனக்கு அவள இன்னும் புடிக்கல. ஆனா நாலு மாடி ஏறி வந்தாளே.

முந்தாநாளோட எண்ணுனா மூணாம் நாளு இன்னிக்குத்தானே. மாமனும் வர்றானாம். கால்ல கட்டோட. கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் ஒரு மலைக்குப் போறதுக்கு இப்பவே திட்டம் போட்டு...

ஐயோ, விளக்கு எரியுது பாரு! கரண்டு வந்துருச்சு! எப்பப் புடுங்குவானோ, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல, வீடு நெறைய ஆளு வரப் போகுது. நகரு தாயி, நகரு, மோட்டாரப் போட்டுட்டு வர்றேன். ஏ புள்ள, மேல கொழாயத் தொறந்து வுடு!